வாத்தியாரின் நட்சத்திரமும் கல்லறைக் குழாயும்

மாமியாரைத் தலைமாட்டிலிருந்து தேய்க்கத் தொடங்கினால் வேலை சுலபம். அழுக்குத் தண்ணீர் தானே கால்மாட்டுக்கு இறங்கி, அங்கிருந்து பாதைக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் சில்வானிஸ் கண்டுபிடித்து வைத்திருந்த முறை அது. பிளீச் கலந்த வாளி ஒரு பக்கம், நல்ல தண்ணீர் வாளி ஒரு பக்கம், முழங்காலுக்கு அடியில் மடித்துப் போட்ட பழைய துண்டு. மழைக்காலம் முழுக்க ஊறிய பாசி கறுப்பு டைல்ஸில் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளை டைல்ஸில் மீசை முளைத்த மாதிரி தெரியும். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கல்லறைதான் வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொண்டவள் மாமியார். தேய்க்கப் போவது யார் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. பீங்கான் தட்டில் பதித்த அவளுடைய புகைப்படம் மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இடது பக்கமா நகரு," என்றார் ஃபுல்பேர்.

அவர் பக்கத்துக் கல்லறையின் படிமேல் நின்றுகொண்டிருந்தார். அக்குளில் குடை, கையில் நூல்கண்டு, வாயில் ஆணி. நூலின் மறுமுனை சரிவின் மேலே ஏதோ ஒரு சிலுவையில் கட்டியிருந்தது.

"எதுக்கு?"

"கோட்டு மேல உக்காந்திருக்க."

"நான் உக்காந்திருக்கிறது உங்கம்மா மேல. வேணும்னா கோட்டை நகத்திக்கோ."

"கோட்டை யாரும் நகத்த முடியாது, சில்வானிஸ். அது நமக்கெல்லாம் முன்னாடியே இருக்கு."

"அப்போ அதையே பாசி தேய்க்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவள் இடது பக்கமாக நகர்ந்தாள். எப்படியும் அந்தப் பக்கம் இன்னும் தேய்க்காமல்தான் இருந்தது.

ஊரில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாத்தியார்தான். மோர்ன் கலபாஸ் என்ற குன்றுக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, குன்றின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே அளவில் அழவைத்தவர். ஓய்வு பெற்ற முதல் வருஷம் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து சாலையில் போகும் வண்டிகளை எண்ணினார். எத்தனை வெள்ளை, எத்தனை சிவப்பு, அதில் எத்தனை வண்டிக்கு ஒரு விளக்கு எரியவில்லை என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்வார். அது போதாதென்று டோமினோ ஆடப் போனார். எதிராளியின் கையில் என்ன கட்டை இருக்கிறது என்று இரண்டாவது சுற்றிலேயே கணக்குப் போட்டு உரக்கச் சொல்லிவிடுவார். கடைசியில் ரம் கடைக்காரரே வந்து, "வாத்தியாரே, உங்க கணக்கெல்லாம் சரிதான். ஆனா நீங்க வீட்டுல இருங்க," என்று கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பவும் வண்டி எண்ண உட்கார்ந்தார். குளிக்க மறந்தார். சட்டை மாற்று என்றால், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். வீட்டில் ஒரு மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பதைவிட, ஒரு நல்ல காய்ச்சல் வந்து படுத்தால்கூடத் தேவலை, கஞ்சி வைத்துக் கொடுக்கவாவது செய்யலாம் என்று சில்வானிஸ் பக்கத்து வீட்டு ஜார்ஜெத்திடம் சொல்லியிருக்கிறாள்.

அப்புறம்தான் போன வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் எல்லாக் குடும்பமும் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சில்வானிஸ் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே மேஜை போட்டு மீன் வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஃபுல்பேர் காலாற மேலே பெரிய சிலுவை வரைக்கும் ஏறிப் போனவர், போன வேகத்தில் இறங்கி ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. வடை வாங்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார்.

"கோடு, சில்வானிஸ்! மேலேருந்து பாத்தா எல்லாம் கோடு! விளக்கெல்லாம் வரிசையா ஒரே இடத்தைப் பாத்துப் போகுது. இது யாரோ போட்ட படம்!"

"எண்ணெய் தெறிக்குது, தள்ளி நில்லு," என்றாள் அவள். ஆனால் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

மறுநாளே குளித்தார். சட்டை மாற்றினார். சாப்பாட்டு மேஜை முழுக்கக் கட்டம் போட்ட காகிதம் பரவியது. அதிலிருந்து அவர்கள் சமையலறையில்தான் சாப்பிடுகிறார்கள். கல்லறைத் தோட்டம் ஐந்து முனை நட்சத்திரம் என்பது அவருடைய முடிவு. யார் போட்டது என்பதில் மட்டும் மாதத்துக்கு ஒரு கட்சி. முதலில் ரகசியச் சங்கத்துக்காரர்கள் என்றார். அப்புறம் வெள்ளைக்காரன் கப்பல் வருவதற்கு முன்னால் தீவில் இருந்தவர்கள் என்றார். டைல்ஸை அவர்கள் எங்கே வாங்கினார்கள் என்று சில்வானிஸ் கேட்டதும் அந்தக் கட்சியை விட்டுவிட்டார். ஐந்தாவது முனை ஜார்ஜெத்தின் புருஷன் கல்லறையில் போய் நின்றது. தோட்டத்திலேயே அது ஒன்றுதான் ரோஸ் நிறம்.

"அந்த நிறத்தை நீங்க ஏன் தேர்ந்தெடுத்தீங்க, மதாம்? உள்ளேருந்து ஏதாவது ஒரு குரல் சொல்லுச்சா?" என்று அவர் ஜார்ஜெத்தையே கேட்டார்.

"குளியலறைக்கு வாங்கினதுல மிச்சம், வாத்தியாரே. அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப அந்தப் பக்கமே போகமாட்டார். செத்த பிறகாவது குளியலறைக்குள்ள இருக்கட்டும்னு ஒட்டிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாமலே உங்க கை செஞ்சிருக்கு," என்றார் ஃபுல்பேர் பெருமூச்சோடு.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத சங்கதி. கெடுதல் வந்தது நட்சத்திரத்தின் நடுப்புள்ளியால்.

மாமியாரைத் தேய்த்து முடித்த அன்றுதான் நூலெல்லாம் இழுத்துக் கட்டி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தார். சரிவின் பாதியில், பழைய வேப்பமரத்துக்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்த துருப்பிடித்த தண்ணீர்க் குழாய். அதைச் சுற்றிச் சேறு, உடைந்த வாளி, யாரோ மறந்துவிட்டுப் போன தேய்ப்புப் பிரஷ்.

"பாரு," என்றார் குடையால் அதைக் காட்டி. "இவ்வளவு பெரிய ஒரு படம். அதோட இதயத்துல கொண்டுவந்து ஒரு குழாயை அடிச்சிருக்காங்க. என்ன ஜனங்க! இதை எடுத்தே ஆகணும்."

சில்வானிஸ் வாளியைக் கீழே வைத்தாள்.

"எடுத்து?"

"வாசல்கிட்ட வைக்கச் சொல்றேன். இங்க ஒரு சலவைக்கல் பதிக்கணும், நட்சத்திரம் செதுக்கி. மொன்லூயிகிட்ட நாளைக்கே பேசறேன்."

மொன்லூயி நகராட்சிக் கவுன்சிலர். வயது ஐம்பதுக்கு மேலே, தலை பாதி வழுக்கை. இருந்தாலும் ஃபுல்பேர் அறைக்குள் நுழைந்தால் இன்னும் எழுந்து நிற்பவர். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திருநாளுக்கு முந்தின வாரம் பிளம்பர் வருவார், குழாய் வாசலுக்குப் போகும், சலவைக்கல் பின்னால் வரும்.

செய்தி சில்வானிஸின் காதுக்கு வருவதற்கு முன்னால் ஜார்ஜெத்தின் காதுக்குப் போய்விட்டது. கதவைத் தட்டக்கூட இல்லை, நேரே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"மஷே, என் கண்ணு, உன் புருஷன் எங்களையெல்லாம் கொல்லப் பாக்கறாரா?"

"மெதுவா பேசு. தூங்கறார்."

"தூங்கட்டும், நல்லா தூங்கட்டும்! நாங்க இனிமே குளிக்காம, சமைக்காம அவர் தூங்கறதை வேடிக்கை பாக்கறோம். வாசல்ல நம்ம வீட்டு லைன்தான் போகுது, தெரியுமில்ல? நம்ம வீட்டுல நின்னா அங்கயும் நிக்கும்!"

சில்வானிஸுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? குன்றின்மேல் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறைத்தாளில் ஒரு நாள் போட்டிருக்கும், வருவது வேறொரு நாள். சில வாரம் காற்று மட்டும் வந்து இருமிவிட்டுப் போகும். கல்லறைக் குழாய் மட்டும் கீழ் லைனில் சேர்ந்தது. அது நின்று யாரும் பார்த்ததில்லை. இந்தத் தெருவுக்கு உயிர்நாடியே அந்தக் குழாய்தான். கல்லறை கழுவப் போகிற மாதிரி போய்க் கேனில் பிடித்துக்கொண்டு வருவார்கள். சில்வானிஸ் துணிக்கூடைக்குள் கேன்களை அடுக்கி, மேலே ஒரு மேஜைவிரிப்பை விரித்து மூடிக்கொண்டு போவாள்.

அவள் மூடிக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. ஜார்ஜெத்தின் புருஷன் செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சூப் கொடுத்தார்கள். ஃபுல்பேர் இரண்டாவது கிண்ணம் வாங்கிப் பாதி குடித்திருக்கும்போது, தண்ணீர் கல்லறைக் குழாயில் பிடித்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் கிண்ணத்தை அப்படியே சவப்பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். ரம்மை ஊற்றி வாய் கொப்பளித்தார். மூன்று நாள் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவங்களுக்கு நடுவுல ஓடி வர்ற தண்ணி! ஒரு சொட்டு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்று உத்தரவு போட்டார். மலை ஊற்றுத் தண்ணீர்ப் பாட்டில்தான் வேண்டும் என்றார். சில்வானிஸ் ஒரு முறை வாங்கினாள். பாட்டில் நல்ல பாட்டில். அதன்பிறகு இன்றுவரைக்கும் அதே பாட்டில்களைத்தான் கழுவிக் கழுவி நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

"நீயே சொல்லிடு மஷே," என்றாள் ஜார்ஜெத். "இத்தனை நாளா எந்தத் தண்ணியில காபி குடிக்கறாருன்னு சொல்லு. ஆள் சரியாயிடுவார்."

"சரியாகமாட்டார். படுத்துடுவார். முதல் சொட்டுலேருந்து கணக்குப் போட்டு வாந்தி எடுப்பார். அப்புறம் அந்தக் குழாயை வாசல்ல இல்ல, கடல்ல கொண்டுபோய்ப் போடச் சொல்வார்."

"அப்போ வேற ஏதாவது செய். தெருவுல எல்லாரும் உன்னைத்தான் பேசறாங்க. திருநாளன்னிக்கு உன் வடையை ஒருத்தி வாங்கமாட்டா, சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் சில்வானிஸ் முயற்சி செய்யத்தான் செய்தாள். வாசலில் குழாய் வைத்தால் சரிவில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமே என்றாள். நல்ல உடற்பயிற்சி என்றார். வீட்டில் தண்ணீர் நிற்கிற நாளில் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்றாள். "நம்ம வீட்டுல நின்னதே இல்லையே," என்றார் அவர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. பின்கட்டில் அவள் நிரப்பி வைத்த பீப்பாயைத் திறந்துதான் அவர் தினமும் குளிக்கிறார். அது யாரால் நிறைகிறது என்ற கணக்கு மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

சொல்வதற்கு அவளிடம் இன்னொன்றும் இருந்தது. ஃபுல்பேர் வேலைக்காக அம்மாவோடு தீவின் அந்தக் கோடியிலிருந்து வந்தவர். அவள் இந்தக் குன்றில் பிறந்தவள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது குழாய் கிடையாது. அதே இடத்தில் ஒரு பெரிய மரப்பீப்பாய் இருந்தது. பக்கத்து மாதா கோயில் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் அதில் வந்து விழும். கொத்தனார் ஒனெசிப் அங்கேதான் சிமெண்ட் குழைப்பார். அவருடைய ஆட்கள் அதைத் தள்ளுவண்டியில் போட்டு ஆளுக்கு ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். சிமெண்ட் வண்டி போன தடம்தான் பாதையானது. பாதையோரமாகத்தான் கல்லறை வந்தது. வளைந்து போனால் வண்டி கவிழும் என்பதால் ஒனெசிப் நேராகவே போனார். அவ்வளவுதான் நட்சத்திரம்.

இதை அவரிடம் சொன்னால் ஒரு நிமிஷ வேலை. குழாயும் இருந்த இடத்தில் இருக்கும். அவள் வாயைத் திறந்தாள். ஃபுல்பேர் மேஜைமேல் குனிந்து, நாக்கின் நுனி வெளியே தெரிய, அளவுகோலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பழைய மெட்டை மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக முன்கூடத்து நாற்காலி தெரிந்தது. வண்டி எண்ணுகிற நாற்காலி. சில்வானிஸ் வாயை மூடிக்கொண்டாள். அது இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குச் சோறு போட்டவள் அவள். அதைத் திரும்பவும் செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

பிளம்பர் வருகிற நாள் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் பெண்கள் கூட்டம். எல்லோரும் வேலையாக இருப்பதுபோல் பிரஷை வைத்துக்கொண்டு, தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மொன்லூயி கால்சட்டையைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆரம்பிக்கலாமா, முசே?" என்று பழைய மாணவனின் மரியாதையோடு ஃபுல்பேரைக் கேட்டார்.

"ஆரம்பிங்க."

பிளம்பர் திருகியைக் குழாயின் கழுத்தில் மாட்டினார். ஜார்ஜெத் சில்வானிஸைப் பார்த்தாள். சுற்றியிருந்த தேய்ப்புச் சத்தமெல்லாம் நின்றது.

"ஆமா, ஃபுல்பேர்," என்றாள் சில்வானிஸ், மாமியாரின் தலைமாட்டில் பூச்சாடியைத் துடைத்தபடியே. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரல். "இந்தக் குழாயை வெச்ச ஆள் யாரு?"

"யாரோ ஒரு முட்டாள்."

"இருக்கும். இவ்வளவு பெரிய தோட்டத்துல எங்க வேணா வெச்சிருக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு வெச்சான், அது சரியா உன் புள்ளியில போய் நிக்குது. நீ ஒரு வருஷமா நூல் கட்டிக் கண்டுபிடிச்ச புள்ளியில. முட்டாளுக்கு நல்ல அதிர்ஷ்டம்தான்."

ஃபுல்பேர் குழாயைப் பார்த்தார். நிமிர்ந்து மேலே பெரிய சிலுவையைப் பார்த்தார். குடையை ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குளுக்கு மாற்றினார்.

"நிறுத்து," என்றார் பிளம்பரிடம்.

"இப்பதான் மாட்டினேன், வாத்தியாரே. துரு..."

"கையை எடுய்யா! மொன்லூயி, அவன் கையை எடுக்கச் சொல்லு!"

மொன்லூயி பிளம்பரின் கையைத் தானே பிடித்து எடுத்தார். ஃபுல்பேர் குழாயைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். அதன் தலையில் விரலால் தட்டினார்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் மெல்ல. "வெச்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அடையாளத்துக்குத்தான் வெச்சிருக்கான். நான்தான் முட்டாள்."

"எங்கம்மா சொல்லுவா," என்று ஆரம்பித்தாள் ஜார்ஜெத். ஒரு தடவை பிடி கிடைத்துவிட்டால் அவள் விடுகிற ஆள் இல்லை. "அந்த ஆளு யார்கிட்டயும் பேசமாட்டானாம். இடது கைக்காரனாம். குழாயை வெச்சுட்டு ஒரு மணி நேரம் வானத்தையே பாத்துட்டு நின்னானாம்."

"எந்தப் பக்கம் பாத்து?"

"அதெல்லாம் அம்மா சொல்லலையே. மேல பாத்துதான்."

"கடல் பக்கம்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க," என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி. அவளை இதற்கு முன்னால் யாரும் எதுவும் கேட்டதுகூடக் கிடையாது.

ஃபுல்பேர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் இதைத் தொடக்கூடாது. தண்ணி மட்டும் பிடிக்கலாம். அவன் குழாயா வெச்சதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும், அதனால தண்ணி வந்துக்கிட்டே இருக்கணும். மொன்லூயி, துருவைச் சுரண்டிப் புது வாய் மாட்டச் சொல்லு."

"சரி, முசே," என்றார் மொன்லூயி. பிறகு சில்வானிஸின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மதாம், சலவைக்கல்லுக்குச் சொல்லிட்டேனே, அதை என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"வாளி வைக்கப் போடுங்க," என்றாள் சில்வானிஸ்.

கல்லறைத் திருநாள் நன்றாகவே நடந்தது. வடை விளக்கேற்றுவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. ஜார்ஜெத் மட்டும் இரண்டு பொட்டலம் வாங்கி, காசு கொடுக்காமல் போனாள். அதைக் கேட்க முடியாது. ஃபுல்பேர் குழாயருகே நின்று, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். புது வாய் மாட்டிய குழாய் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பித்தளையாக மின்னியது. யாரோ அதன் தலையில் ஒரு பூவளையத்தைக்கூட மாட்டிவிட்டிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அதற்கப்புறம் அவர் தினமும் காலையில் அங்கே போய் நிற்கத் தொடங்கிவிட்டார். யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்து தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். சில்வானிஸ் தன் வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று, அவர் தூங்கி எழுந்து காபி குடிக்கிற நேரத்துக்கு.

அன்றும் சமையலறையில் காபி வைத்துக் கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"மலைத் தண்ணின்னா மலைத் தண்ணிதான். காபிக்கு அதுதான்."

அவள் துணிக்கூடையில் மேஜைவிரிப்பை விரித்துக்கொண்டிருந்தாள். அடியில் கேன்கள் ஒன்றோடொன்று மோதிச் சின்னதாகச் சத்தம் போட்டன. ஒரு துண்டைச் சொருகி அதை அடக்கினாள்.

"நான் ஒண்ணு யோசிச்சேன், சில்வானிஸ். தப்பா எடுத்துக்காதே. அந்தக் காலத்துல நான் சும்மா அருவருப்பு பட்டுட்டேன். அத்தனை கோடும் வந்து கூடற இடத்துலேருந்து வர்ற தண்ணி. அதுல ஒரு சக்தி இல்லாம இருக்காது." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொரு மடக்குக் குடித்தார். "ஒரு மனுஷன் அதை விடாம தினமும் குடிச்சுக்கிட்டு வந்தான்னு வெச்சுக்கோ. வருஷக்கணக்கா. அவன் என்ன ஆவான்னு நினைக்கிற?"

சில்வானிஸ் அவரை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வாரிய தலை. துவைத்த சட்டை. சட்டைப்பையில் சீவிய பென்சில்.

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"சில்வானிஸ்? உன்னைத்தான் கேக்கறேன்."

வலைக்கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.